கல்மரம் படித்த அறிஞர்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோரும், விழுப்புரத்திலிருந்து கிழக்கு நோக்கி வருவோரும் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரை என்னும் சிற்றூரைக் காண்பர். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலும், அங்கு எழுந்தருளியிருக்கும் வக்கிரகாளியம்மனும் அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தன. கோயிலைக் கடந்து செம்மண் மேட்டில் ஏறினால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. வெட்டி வீழ்த்தப்பட்ட பெருமரங்களைப் போல அடிமரங்கள் பல அங்கே கிடக்கின்றன. சில 3 மீட்டர் நீளமுடையவை. சில 15 மீட்டரையும் எட்டுபவை. நார் ஓடிய வரிகளும் கணுக்களும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கைவைத்துப் பார்த்தால் அவை மரம் அல்ல, கல். கோடரி பாயாது, தீயும் பற்றாது. ஊர்மக்கள் அவற்றைக் கல்மரம் என்று வழங்கினர்.

இவை இங்கு எவ்வாறு வந்தன? திருமாலின் சக்கரத்தால் மாண்ட வக்கிராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகளே இவை என்று ஒரு கதை அப்பக்கத்தில் வழங்குகிறது. 1781ஆம் ஆண்டில் சொன்னேரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் கண்டு குறிப்பு எழுதினார். நிலநூல் வல்லுநர்கள் இவற்றின் அகவையை ஏறக்குறைய 2 கோடி ஆண்டு எனக் கணிப்பர். வேரும் கிளையும் இலையும் இன்றி அடிமரங்கள் மட்டுமே படுத்த நிலையில் கிடப்பதால், அவை முளைத்த இடம் இதுவன்று என்பதும், பண்டைக்காலத்துப் பெருவெள்ளம் அவற்றை அடித்துவந்து மணலில் புதைத்தது என்பதும் அவர்தம் கருத்து. 1940ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் இவ்விடத்தைப் பாதுகாப்புக்குரியதாக ஏற்றனர்.

இனி ஒரு வினா எழும். இலையும் பூவும் காயும் இல்லாத ஒரு மரத்தை, அதிலும் கல்லாகிவிட்ட மரத்தை, இன்ன இனத்தைச் சேர்ந்தது என்று எங்ஙனம் அறிவது? தச்சர் மரத்துண்டைப் பார்த்தே இது தேக்கு, இது வேம்பு என்று சொல்லிவிடுவார். நிறமும் மணமும் எடையும் அவருக்குத் துணைசெய்யும். கல்லில் அத்துணைகள் இல்லை. அங்கே எஞ்சியிருப்பது மரத்தின் மிக நுண்ணிய உறுப்பாகிய உயிரணுவின் வடிவம் ஒன்றே. அவ்வடிவத்தைப் படித்து, மறைந்துபோன காடுகளின் வரலாற்றை எழுதுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் பீர்பால் சாஹ்னி. திருவக்கரைக் கல்மரங்களுள் ஒருவகைக்கு இன்று அறிவியல் நூல்களில் வழங்கும் பெயர்களுள் ஒன்று அவர் அளித்ததேயாகும்.

பீர்பால் சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இப்பொழுது பாக்கிஸ்தானில் உள்ளது. ஜீலம் ஆற்றைக் கடந்தால் உப்பு மலைத்தொடர் அங்கிருந்து தொலைவில் இல்லை. அம்மலையைப் பற்றிப் பின்னர்ப் பேச வேண்டியிருக்கும். தந்தையார் ருசிராம் சாஹ்னி இலாகூர் அரசினர் கல்லூரியில் வேதியியற் பேராசிரியர். வகுப்பறையோடு நின்றுவிடாமல், ஊர் ஊராகச் சென்று பொதுமக்களுக்குப் பஞ்சாபி மொழியிலேயே அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றிய பெருந்தகை அவர். விடுமுறை நாள்களில் தம் மைந்தரை இமயமலைச் சாரலில் நெடுநடைக்கு அழைத்துச் செல்வதும் அவர் வழக்கம். பனிமலையில் ஒருமுறை செந்நிறப் பனியைக் கண்ட இளைஞர் பீர்பால் அதனைச் சேகரித்து வந்தார் என்பர். பனிக்கு அந்நிறத்தை அளிப்பது ஒரே ஓர் உயிரணுவாலான மிகச் சிறிய பாசியாகும்.

இலாகூரில் சிவராம் காஷ்யப் என்னும் தாவரவியல் அறிஞரிடம் பயின்று 1911ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற சாஹ்னி, அவ்வாண்டிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மகன் குடிமைப் பணித் தேர்வு எழுதி உயர் அலுவலராதல் வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அந்நாளில் கல்வியிற் சிறந்த இளைஞர் எல்லாரும் நாடியது அப்பதவியைத்தான். மகனுடைய உள்ளமோ செடிகொடிகளில் தோய்ந்துவிட்டது. தந்தையார் அதனை உணர்ந்து வழிவிட்டார். கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்த சாஹ்னிக்குச் செவர்டு என்னும் பேராசிரியர் ஆசானாக வாய்த்தார். பண்டைத் தாவரங்களின் புதைபடிவங்களை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர் செவர்டு. ஆசானும் மாணவருமாகச் சேர்ந்து இந்தியாவின் கோண்டுவானாப் பாறைகளில் கிடைத்த தாவரங்களை மறு ஆய்வு செய்து 1920ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகம் சாஹ்னிக்கு டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது.

கேம்பிரிட்ஜில் அவர் கைவந்த கருவி உருப்பெருக்கி. அதன் வரலாற்றில் கல்மரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். 1665ஆம் ஆண்டில் இராபர்ட்டு ஹூக் என்னும் ஆங்கிலேயர், தக்கையை மெல்லிய சீவலாகச் சீவித் தம் உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். தேனடைபோல அடுக்கடுக்கான சிறு அறைகள் தோன்றின. சிற்றறை என்னும் பொருளில் அவற்றைச் செல் என்று அழைத்தார். நாம் உயிரணு என்று கூறுவது அதனையே. அதே நூலில், தக்கையைப் பற்றிய பகுதிக்குச் சற்று முன்னதாக, கல்லாகிய மரத்துண்டு ஒன்றையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். மரத்தின் நுண்துளைகள் கல்லிலும் அப்படியே இருத்தலைக் கண்டு, கற்சத்துக் கரைந்த நீர் மரத்தினுள் ஊறிப் படிந்ததால் இம்மாற்றம் நேர்ந்தது என்று கூறினார். இந்நாளைய அறிஞர் சொல்வதும் பெரும்பாலும் அதுவே.

ஹூக் கண்டவை வெற்றறைகள். தக்கையின் உயிரணுக்கள் இறந்துபோனவை; சுவர் மட்டுமே நின்றது. உயிருள்ள அறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பின்வந்தோர் சிறிது சிறிதாக அறிந்தனர். தாவர உயிரணுவின் புறத்தே செல்லுலோஸ் என்னும் பொருளாலான சுவர் உண்டு. சுவரையொட்டி உள்ளே மிக மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கும். சவ்வினுள்ளே கூழ்போன்ற புரோட்டோபிளாசமும், அதன் நடுவே உயிரணுவின் செயல்களை ஆளும் உட்கருவும், சாறு நிறைந்த வெற்றிடப் பையும் இருக்கும். சுவர் உறுதி தருவது. நீரும் நீரில் கரைந்த பொருள்களும் அதனூடே எளிதாகப் புகும். சவ்வு அத்தகையதன்று. நீரை எளிதில் விடும். ஆயினும் உப்பு, சருக்கரை முதலியவற்றுள் வேண்டுவனவற்றை வேண்டும் அளவிற்கே உள்ளே ஏற்கும். ஏனையவற்றைத் தடுத்து நிறுத்தும். அடுக்களையில் இதனை நாள்தோறும் காணலாம். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காய்த் துண்டுகளில் உப்பிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் துண்டுகள் சுருங்கி நீர் விடுகின்றன. உயிரணுவின் உள்ளிருக்கும் நீர், உப்பு மிகுந்த வெளிப்புறத்தை நோக்கிச் சவ்வைக் கடந்து வந்துவிடுகிறது. உலர்ந்த திராட்சையை வெறும் நீரிலிட்டால் இதற்கு மாறாக அது நீரை ஏற்றுப் பருக்கும்.

இச்சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை ஓர் இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவும் இராது. ஒளியைக் கொண்டு நோக்கும் எந்த உருப்பெருக்கியும் அதன் அமைப்பைக் காட்டவல்லதன்று. சாஹ்னியின் காலத்திற்குப் பின்னரே, மின்னணு உருப்பெருக்கியின் துணையால் அதனைக் கண்கூடாகக் காண முடிந்தது. எனினும் அது செய்யும் வேலையை அறிஞர் நெடுநாள் முன்னரே உணர்ந்திருந்தனர். கல்மரம் உண்டாகும் முறையும் இவ்வேலையோடு தொடர்புடையதே. உயிருள்ளவரை சவ்வு காவல் நிற்கும். மரம் வீழ்ந்து உயிரணு மடிந்தபின் அக்காவல் நீங்கும். புரோட்டோபிளாசம் விரைவில் அழுகி மறைய, சுவர்கள் மட்டும் சிலகாலம் எஞ்சும். மரத்தின் சுவர்களில் லிக்னின் என்னும் வன்பொருள் ஏறியிருத்தலால் அவை எளிதில் சிதைவதில்லை. அவ்வேளையில் மரம் மணலுள் ஆழப் புதைந்து, காற்றுப் புகாத இடத்தில் சிலிகா கரைந்த நீரில் ஊறுமானால், சுவரின் நுண்ணிடைகளிலும் உள்ளறைகளிலும் சிலிகா படியும். சுவர் கரையுமுன்னரே அதன் அச்சு கல்லில் பதிந்துவிடும். இவ்வாறாக, 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரத்தின் அறைகளை இன்றும் எண்ணிவிடலாம்.

ஆனால் அவற்றை எண்ணுமாறு கல்லைப் பக்குவம் செய்தல் எளிய வேலையன்று. உருப்பெருக்கியில் ஒளி ஊடுருவ வேண்டுமாயின் பொருள் மெல்லியதாதல் வேண்டும். பச்சைத் தண்டைச் சவரக்கத்தியால் சீவலாம். கல்லை எவ்வாறு சீவுவது? முதலில் வைரத்தூள் பதித்த சக்கரத்தால் கல்மரத்தை வில்லையாக அறுப்பர். அவ்வில்லையின் ஒரு முகத்தைத் தேய்த்து மழுக்கிக் கண்ணாடித் தகட்டில் பிசினால் ஒட்டுவர். பின்னர், மறு முகத்தைக் கார்போரண்டத்தூளும் நீரும் இட்டுத் தேய்த்துக்கொண்டே வருவர். மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு என்னும் அளவிற்கு அது மெலிய வேண்டும். சற்று முன்னரே நிறுத்தினால் ஒளி புகாது. சற்று மிகையாகத் தேய்த்தால், அரும்பாடுபட்டுப் பெற்ற சீவல் முழுதும் நீரோடு போய்விடும். ஒரு மரத்தை அறிய ஒரு சீவல் போதாது. குறுக்காக ஒன்றும், நடுவினின்று புறம் நோக்கி நீளவாட்டில் ஒன்றும், அதற்குச் செங்குத்தாக மற்றொன்றும் ஆக மூன்று தேவை.

1919ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய சாஹ்னி, காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர்ப் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். 1920ஆம் ஆண்டில் சாவித்திரி அம்மையாரை மணந்தார். மறு ஆண்டில் இலட்சுமணபுரி என்னும் இலக்னோவில் புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தாவரவியற் பேராசிரியராக ஏற்றது. அந்நாளில் இந்தியப் பாறைகளில் கிடைத்த படிவங்களுள் பல ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே பெயரிடப்பட்டு வந்தன. அவற்றை இந்நாட்டிலேயே, இந்நாட்டு மாணவர் கையாலேயே ஆராய வேண்டும் என்று சாஹ்னி விழைந்தார். கதராடை உடுத்தியவர், அறிவியலில் மட்டும் அயலார் கையை எதிர்நோக்குவது அவருக்கு உடன்பாடாயிற்றில்லை. இதற்குத் திருவக்கரை மரமே நல்ல சான்று.

தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆகியவை என்ற கொள்கையை 1838ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜெர்மன் நாட்டு அறிஞர் சிலெய்டன். மறு ஆண்டில் அவர் நண்பர் சுவான் விலங்குகளுக்கும் அதனை விரித்துரைத்தார். அக்கொள்கையின் மேல்தான் இன்றைய உயிரியல் முழுதும் நிற்கிறது. அத்தகைய சிலெய்டனின் உருப்பெருக்கியின் கீழ்த் திருவக்கரைக் கல்மரம் ஒன்றின் சீவலும் இடம்பெற்றது. 1855ஆம் ஆண்டில் அதற்குப் பியூசெ ஷ்மிடியானா என்று பெயரிட்டு, ஊசியிலை மரவகையைச் சேர்ந்தது என அவர் எழுதினார். தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் கிடந்த கல், உயிரணுக் கொள்கையைத் தந்தவரின் கைக்குச் சென்று சேர்ந்ததை எண்ணிப் பார்க்கத் தகும். அதன்பின் முக்கால் நூற்றாண்டு அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இலர்.

சாஹ்னி இந்தியாவின் ஊசியிலை மரப் படிவங்கள் அனைத்தையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு மறு ஆய்வு செய்தார். அவ்வாய்வின் முதற்பகுதி 1928இலும், கல்லாகிய மரங்களைப் பற்றிய இரண்டாம் பகுதி 1931இலும் வெளிவந்தன. ஊசியிலை மரங்களின் கட்டையில் பெரிய நீர்க்குழாய்கள் இல்லை. மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அகலமும் சில மில்லிமீட்டர் நீளமும் உடைய ஒடுங்கிய உயிரணுக்களே நிறைந்திருக்கும். அவை மரம் வாழும்போதே உயிர் நீத்து, நீரை வேரிலிருந்து மேலே கொண்டு செல்லும் வெற்றுக் குழல்களாய்ப் பணிபுரிபவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் செல்லும் பொருட்டு அவற்றின் சுவர்களில் வட்டமான குழிகள் அமைந்திருக்கும். குழிகள் எத்தனை வரிசை, நெருங்கியவையா விலகியவையா, வட்டமா அறுகோணமா என்பனவே ஒரு குடும்பத்தை மற்றொரு குடும்பத்தினின்று பிரித்துக் காட்டும் அடையாளங்கள். திருவக்கரை மரத்தின் குழிகளை நோக்கிய சாஹ்னி, அது போடோகார்ப்பஸ் குடும்பத்தின் சாயலுடையது என்று தெளிந்து, மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என அதன் பெயரை மாற்றியமைத்தார். தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் ஊசியிலை இனம் இன்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மழை மிகுந்த சோலைகளில் வாழும் அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று வெயில் காயும் வானூர் வட்டத்தில் அக்குடும்பத்து மரம் கல்லாய்க் கிடப்பதிலிருந்து, அதனை வெள்ளம் கொண்டுவந்த காலத்தில் இந்நாட்டின் காடுகள் வேறாயிருந்தன என்பது விளங்கும். பிற்காலத்து ஆய்வாளர் வாகை, ஆமணக்கு முதலியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த கல்மரங்களையும் அங்குக் கண்டறிந்துள்ளனர்.

சாஹ்னிக்கு மிக விருப்பமான களம் பீகாரை ஒட்டிய இராசமகால் குன்றுகளாகும். அவை இப்பொழுது ஜார்க்கண்டு மாநிலத்தில் உள்ளன. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பாய்ந்து மூடிய காடுகள் அங்கே கல்லாகியுள்ளன. அங்குக் கிடைத்த தண்டு, இலை, பூ ஆகியவற்றின் துணுக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி, 1932ஆம் ஆண்டில் ஒரு முழுத் தாவரத்தின் வடிவத்தை அவர் வரைந்து காட்டினார். தம் ஆசானின் நினைவாக அதற்கு வில்லியம்சோனியா செவர்டியானா என்று பெயரிட்டார். அவ்வாண்டிலேயே அதே குன்றுகளில் கிடைத்த மற்றொரு மரத்துண்டு அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஊசியிலை மரங்களைப் போல அதிலும் நீர்க்குழாய்கள் இல்லை. ஆனால் அதன் குழிகள் ஏணிப்படிகள் போல நீண்டு அடுக்கப்பட்டிருந்தன. பூக்கும் தாவரங்களுள் மிகத் தொன்மையான சிலவற்றில் மட்டுமே இவ்வமைப்பு உண்டு. பூக்கும் தாவரங்கள் உலகில் எப்பொழுது, எதிலிருந்து தோன்றின என்பது அறிஞரைப் பல்லாண்டாக வருத்திய புதிர். அதன் விடை தம் கையிலுள்ள சீவலில் இருக்கக்கூடும் என்று சாஹ்னி எண்ணினார். அதனைப் பூக்கும் தாவரத்தின் மரமெனக் கருதி, ஹோமாக்சிலான் எனப் பெயர் சூட்டினார்.

1936ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டிலேயே ரோத்தக் நகரின் அருகே கொக்ராக்கோட் என்னும் மண்மேட்டில் நாணயம் வார்க்கும் பழைய களிமண் அச்சுகளை அவர் கண்டெடுத்தார். படிவ அச்சுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாணய அச்சுகள் தப்பவில்லை போலும். ஒன்பது ஆண்டுகள் அவற்றை ஆராய்ந்து, பண்டைய இந்தியாவில் நாணயம் வார்த்த முறையைப் பற்றி அவர் எழுதிய நூலை வரலாற்றறிஞர் போற்றினர்.

இனி உப்பு மலைக்கு வருவோம். சாஹ்னி பிறந்த ஊரினின்று சிறிது தொலைவில் உள்ள அம்மலைத்தொடரின் கேவ்ராச் சுரங்கம் உலகறிந்த உப்புச் சுரங்கம். அவ்வுப்பு படிந்தது எக்காலத்தில் என்பது பற்றி நிலநூலாரிடையே கடும் பூசல் இருந்தது. சிலர் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்றனர். ஏறக்குறைய 5 கோடி ஆண்டு என்றனர் மற்றோர். சாஹ்னி உருப்பெருக்கியைத் துணைக்கு அழைத்தார். உப்பை வடிகட்டிய நீரில் கரைத்து, அடியில் தங்கிய வண்டலை நோக்கியபோது, குழிகளையுடைய மர உயிரணுக்களின் துணுக்குகள் தென்பட்டன. நிலத்தில் மரங்களே தோன்றாத காலத்து உப்பில் மரத்துணுக்கு இருத்தல் எவ்வாறு இயலும்? ஆதலின் உப்பு பிற்காலத்தது என்று அவர் வாதிட்டார். காற்றிலிருந்தும் கருவிகளிலிருந்தும் தூசு புகுந்துவிடாதபடி பெருமுயற்சி எடுத்துக்கொண்டார். 1944, 1945 ஆகிய ஆண்டுகளில் இதற்கெனவே அறிஞர் அவைகள் கூடின. மாற்றார் ஒப்பவில்லை. உப்பு நீரில் கரைந்து மீண்டும் உறையக்கூடிய பொருள். நிலத்தடி நீர் வெடிப்புகளின் வழியே பிற்காலத் துணுக்குகளை உள்ளே கொண்டு சேர்த்திருக்கலாம் என்பது அவர்தம் வாதம். இன்று நிலநூலார் ஏற்றுக்கொண்டிருப்பது 50 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட அகவையையே. சாஹ்னி கண்ட உயிரணுக்கள் மெய்யானவை. அவர் அவற்றைப் பிழைபடக் காணவில்லை. அவை உப்போடு ஒரே காலத்தில் படிந்தவை என்ற கருத்தே நிலைபெறாமற் போயிற்று.

பல்கலைக்கழகத்தின் ஒரு மூலையில் நடைபெறும் இவ்வாய்வு தமக்குப்பின் நின்றுவிடக்கூடாது என்னும் கவலை சாஹ்னியை வாட்டியது. அரசு கல்வித் துறையின் செயலாளர் பதவியை அளிக்க முன்வந்தபோது, ஆய்வைவிட்டு நீங்க மனமின்றி அதனை ஏற்க மறுத்தார். 1946ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனம் தோன்றிற்று. தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய படிவங்களையும் நூல்களையும், தாமும் மனைவியாரும் சேர்த்த பொருளையும் அவர் அதற்கு வழங்கினார். தனிக்கட்டடம் ஒன்று எழுப்பத் திட்டமிட்டு, அதற்குரிய அடிக்கல்லைத் தாமே உருவாக்கினார். பல நாடுகளிலிருந்தும் பல காலங்களிலிருந்தும் வந்த படிவங்களைச் சாந்தில் பதித்துச் செய்த கல் அது. அதனைப் போன்ற அடிக்கல் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அக்கல்லை நாட்டினார். நேருவும் நவம்பர் 14ஆம் நாளில் பிறந்தவரே. சாஹ்னியினும் இரண்டாண்டு மூத்தவர். விழா முடிந்த ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 10ஆம் நாள், சாஹ்னி மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு அகவை 57. நிறுவனத்தைப் பேணி வளர்க்குமாறு இறுதியில் அவர் மனைவியாரிடம் வேண்டிக்கொண்டார் என்பர். மறு ஆண்டில் ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த உலகத் தாவரவியல் மாநாட்டிற்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அடிக்கல் நாட்டிய இடத்தின் அருகிலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

சாவித்திரி அம்மையார் ஆராய்ச்சியாளர் அல்லர். எனினும் கணவரோடு காடும் குன்றும் சுற்றிப் படிவம் சேர்த்தவர். துயரில் ஆழ்ந்துவிடாமல் நிறுவனத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். அரசினரை அணுகிப் பொருள் பெற்றார். அயல்நாட்டு அறிஞரை வரவழைத்தார். கட்டடத்தை எழுப்பி முடித்தார். 1953ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் நேருவே மீண்டும் வந்து அதனைத் திறந்துவைத்தார். இருபது ஆண்டுக்காலம் அம்மையார் அதனை நடத்தினார். பீர்பால் சாஹ்னியின் பெயர் தாங்கிய அந்நிறுவனம் இன்றும் இலக்னோவில் இயங்கி வருகிறது.

அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் முதலில் கையிலெடுத்த பொருள்களுள் இராசமகால் குன்றின் ஹோமாக்சிலானும் ஒன்று. சாஹ்னியின் சீவல்களையும் புதிய சீவல்களையும் ஒப்பிட்டு நோக்கியபோது, ஏணிப்படிக் குழிகளையுடைய அவ்வுயிரணுக்கள் பூக்கும் தாவரத்திற்கு உரியனவாகத் தோன்றவில்லை. வில்லியம்சோனியாவைச் சேர்ந்த பென்னட்டிட்டேல்ஸ் என்னும் மறைந்துபோன இனத்தின் மரத்தோடு அவை மிகுதியும் ஒத்திருந்தன. சாஹ்னி தம் கையால் உருவம் வரைந்து காட்டிய இனமும் அதுவே. மேலும் ஹோமாக்சிலான் என்னும் பெயரை முன்னரே வேறொருவர் வேறு மரத்திற்கு வழங்கியிருந்தார். ஆகவே 1954ஆம் ஆண்டில் போஸ், சா என்னும் இருவர் அம்மரத்திற்குப் புதுப்பெயர் சூட்டினர். சாஹ்னியாக்சிலான் இராசமகாலென்சி என்பது அப்பெயர்.